மூன்று இருபது பஸ்

போன தடவை நான் மனுதாரர்.
இந்தத் தடவை எதிர்மனுதாரர்.
ஹட்டன் கோட்டில் அன்றைக்கு நீ இருந்த வாங்கின் ஓரத்தில்
இன்றைக்கு நான்.
பெயர் மட்டும் மாறவில்லை:
சுலோஜினி, மேற்பிரிவு, ஏழாம் நம்பர் லயம்.

பழைய கட்டளை எனக்கு மனப்பாடம்.
முதலாம், மூன்றாம் சனிக்கிழமை,
காலை பத்திலிருந்து மாலை நாலு வரை,
தபால் கந்தோர் படியடியில் பிள்ளையை ஒப்படைத்து, மீளப் பெறுதல்.
தாபரிப்பு ஏழாயிரத்து ஐநூறு, பத்தாம் திகதிக்குள்.
அப்போது யதுர்ஷிக்கு ஐந்து வயது.
அரிசி என்ன விலை என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

வட்டவளையில் மண் சரிந்த அன்று
உன் ரயில் மதியம் ஒன்றேகாலுக்கு வந்தது.
நான் பன்னிரண்டு வரை நின்றேன்.
காத்திருத்தல் என்றொரு சொல் கட்டளையில் இல்லை.
அதைத்தான் மீறல் என்று நீ எழுதிக் கொடுத்தாய்.
நான் நாலு மாச நிலுவையை எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு கடதாசியும் ஒரே பைலில்
ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன,
நாம் கிடந்ததைவிட நெருக்கமாக.

என் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள்.
பதினெட்டுப் பேர், இரண்டு அரைப்பேர்.
கொழுந்தில்லாத மாசம்.
கொழும்பு இரும்புக்கடை தந்த உன் சீட்டையும் கேட்டார்கள்.
நீ குறைக்கச் சொன்னாய், நான் கூட்டச் சொன்னேன்.
யன்னலுக்கு வெளியே மூடுபனியில்
ஒரு வேன் பின்னுக்கு வந்து வந்து
நிறுத்த இடம் தேடியது.

பிறகு பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.
பதினொரு நிமிஷம்.
நீ மணிக்கூட்டைப் பார்த்தாய்.
நானும்.

யாரையும் அவள் குறை சொல்லவில்லை என்றார் நீதிபதி.
ஒரு கணக்கு மட்டும் சொன்னாளாம்.
மேற்பிரிவுக்குக் கடைசி பஸ் மூன்று இருபதுக்கு.
நாலு வரை அப்பாவோடு நின்றால் வீடு போக ஏலாது.
அதனால் எப்போதும் மூன்று மணிக்கே
அப்பா கொண்டுவந்து விட்டுவிடுவார்.
"அந்த ஒரு மணித்தியாலம்
யாருட்ட இருக்கு?"

எனக்குத் தெரியும்.
முதல் மாசமே தெரியும்.
நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
மாசம் இரண்டு, வருஷம் இருபத்து நாலு,
ஆறு வருஷத்துக்கு நூற்று நாற்பத்து நாலு.
வாங்கில் இருந்தபடியே விரல் மடக்கிப் பிரித்தேன்.
சரியாக ஆறு நாள்.
கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்தார்களே,
அதற்கு நாங்கள் தராசைச் சுற்றி நின்று
எவ்வளவு சத்தம் போட்டோம்.

புதுக் கட்டளை வாசித்தார்கள்.
மாதக் கடைசி வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை,
கொட்டகலையில் உன் அக்கா வீட்டில்
இரண்டு இரவு.
தாபரிப்பு பன்னிரண்டாயிரம்.
நிலுவை ஆறு தவணையில்.
புதன்தோறும் இரவு ஏழு மணிக்கு உன் போன்.

அங்கேதான் நான் எழுந்தேன்.
லயத்தில் சிக்னல் இல்லை, ஐயா.
தண்ணீர்த் தாங்கிவரை ஏற வேண்டும்.
இருட்டினால் சிறுத்தை வரும் பாதை.
சட்டத்தரணி என் சேலையை இழுத்தார்.
ஏழை வெட்டி
ஐந்தரை என்று எழுதினார்கள்.

வெளியே தூறல்.
நீ ஒரு சப்பாத்துப் பெட்டியை நீட்டினாய்.
இரண்டாம் அளவு. அவள் காலுக்கு இப்போது நாலு.
"நல்லா இருக்குப்பா" என்று
உள்ளே விரல்களைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.
உனக்கு அது தெரியாது.
காலைப் பார்த்தே கண்டுபிடிக்க
இரண்டு இரவாவது வேண்டும்.

கழட்டு, என்றேன்.
"கடைச் சீட்டு இருக்கா? மாத்தலாம்."

நீ பைகளைத் தட்டினாய்.
முதலில் கட்டளையின் பிரதி வந்தது,
பிறகு ரயில் டிக்கெட்,
பிறகு பாதி தின்ற நிலக்கடலைச் சுருள்.
ஸ்டாண்டில் மூன்று இருபது
ஹோர்ன் அடித்தது.
யதுர்ஷி என் கையைப் பிடித்து இழுத்தாள்,
ஆறு வருஷப் பழக்கம்.

"தேடுங்க" என்றேன் உன்னிடம்.
"நாங்க த்ரீவீல்ல போறோம்."